குமரிக் கோடையில் உடல் மறைய உடுத்தி, விடாமல் ஓடுவது எப்படி

அணையை அடைத்துவிட்டால் மார்ச் மாதத்தில் சானல், அதாவது பாசனக் கால்வாய், வற்றிவிடும். தக்கலையைச் சுற்றியுள்ள கரைப்பாதைகளும் காய்ந்து, ஓடுவதற்கு வாகான மண்ணாக இறுகிவிடும். பாதை இவ்வளவு நன்றாக அமையும் அதே நாள்களில்தான் ஓடுகிறவர்கள் குறைகிறார்கள். ஜனவரியில் எங்களோடு சேர்ந்த பெண்களில் பாதிப் பேர் ஏப்ரலுக்குள் நின்றுவிடுவதைச் சில ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். காரணம் கேட்டால் எல்லோரும் ‘மடி’ என்றே சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் சோம்பலுக்கு அதுதான் பெயர். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு காரணங்கள் வெளியே வரும்: ஷால் நழுவுகிறது, வியர்வையில் டாப் முதுகோடு ஒட்டிக்கொள்கிறது, தொடை உரசிப் புண்ணாகிறது, தலையை மூடும் மக்கனாவுக்குள் காது வெந்துபோகிறது, எதிரே பால் வாங்கி வருகிறவரின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது. எனவே இங்கே உடையைப் பற்றித்தான் முதலில் விரிவாகச் சொல்லப்போகிறேன். உடையைச் சரிசெய்துகொண்டவர்களுக்கு ஊக்கம் பாதிக்கு மேல் தானாகவே வந்துவிடுகிறது என்பது என் அனுபவம்.

அடக்கமான உடை என்பதற்கு ஒரே அளவு கிடையாது. சேர்ந்து ஓடும் எங்கள் கூட்டத்தில் ஏழு பேர் இருக்கிறோம். ஒருவர் மக்கனா இல்லாமல் வாசலைத் தாண்டாதவர். ஒருவர் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவர். பேண்ட் அணியமாட்டார், பாவாடையில்தான் ஓடுவார். எனக்கு முட்டி மறைந்து தோள் மூடியிருந்தால் போதும். எவ்வளவு மறைப்பது என்பதை உடுத்துகிறவரே முடிவு செய்ய வேண்டும் என்பதில் மட்டும் ஏழு பேருக்கும் ஒரே கருத்து. இந்த மண்ணில் அது சிறிய செய்தி அன்று. இன்றைய குமரி மாவட்டப் பகுதிகள் திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்த நாள்களில், நாடார் உள்ளிட்ட சமூகப் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டும் அவமானப்பட்டும் போராடினார்கள். 1859 ஜூலை 26 அன்று மன்னரின் ஆணை வந்தபோதுகூட, மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தோள்சீலைப் போராட்டம் நடந்த ஊர்களில் இருந்துகொண்டு, ஒரு பெண் தன் உடலை மூடுவதற்கும் மூடாததற்கும் அடுத்தவர் அளவெடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. ஆகவே இனி வருவன எல்லாம், நீங்கள் முடிவு செய்த அளவுக்கு மறைத்துக்கொண்டு வெப்பத்தைச் சமாளிப்பதற்கான வழிகள் மட்டுமே.

வியர்வை என்ன செய்கிறது

ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு வெப்பமாகவே மாறுகிறது. அதை வெளியேற்ற உடலுக்குள்ள முதன்மையான வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலிருந்து முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியாகாமல் சொட்டிவிடும் வியர்வையால் அந்தப் பயன் கிடைக்காது. குமரி மாவட்டத்தில் வெயில் மதுரையிலோ வேலூரிலோ ஏறுவதைப் போல ஏறுவதில்லை என்றாலும், கடல் அருகில் இருப்பதால் காற்றில் எப்போதும் ஈரம் மிகுந்திருக்கிறது. ஈரக்காற்றில் வியர்வை எளிதில் காயாது. உலர்ந்த ஊரில் 38 டிகிரியில் ஓடிப் பழகியவர்கூட இங்கே 32 டிகிரியில் தவித்துப்போவதற்குக் காரணம் இதுதான். எனவே உடைக்கு இங்கே ஒரே ஒரு வேலைதான் இருக்கிறது: வியர்வை தோலை விட்டு விரைவாக வெளியேறிக் காய்வதற்கு வழிவிட வேண்டும்.

அந்த வேலையைக் கெடுப்பது உடையின் நீளம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் கெடுப்பது அடுக்கு. உள்ளாடை, அதன் மேல் ஸ்லிப், அதன் மேல் சுடிதார் டாப், அதன் மேல் ஷால் என்று நெஞ்சின் மேல் நான்கு துணிகளைப் போட்டுக்கொண்டு ஓடினால், முழங்கையோடு நிற்கும் அரைக்கைச் சட்டையாக இருந்தாலும் வேகத்தான் செய்யும். மாறாக, மணிக்கட்டு வரை கையும் தொடையின் பாதி வரை நீளமும் உள்ள ஒரே ஒரு தளர்ந்த சட்டை, உள்ளே நல்ல விளையாட்டு உள்ளாடை ஒன்று மட்டும் என்றால், நான்கு அடுக்கில் பாதி குறைகிறது; மறைவு குறைவதில்லை.

துணி எது என்பதில் நான் ஊரில் பலரோடு வாதிட்டிருக்கிறேன். கோடைக்குப் பருத்தி என்பது நம் எல்லோருடைய மனத்திலும் ஊறிய பாடம்; வீட்டில் உட்கார்ந்திருக்கவும் கடைக்குப் போகவும் அது சரியான பாடம்தான். ஓடும்போது பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது, கனக்கிறது, உடலோடு ஒட்டிக் கோடுகளை எல்லாம் காட்டிக்கொடுக்கிறது. மெல்லிய பாலியெஸ்டர் வலைத்துணி, அதாவது கால்பந்து விளையாடும் பையன்கள் அணியும் ஜெர்சித் துணி, வியர்வையைப் பரப்பிக் காயவிடுகிறது; ஒட்டுவதும் குறைவு. பெண்களுக்கென்று கடையில் தொங்கும் ஓட்டச் சட்டைகள் பெரும்பாலும் இடுப்போடு நின்றுவிடும், உடலைப் பிடிக்கும், விலையும் கூடுதல். ஆகவே நான் சொல்லும் குறுக்குவழி இது: விளையாட்டுப் பொருள் கடையில் ஆண்களுக்கான முழுக்கை ஜெர்சியை உங்கள் அளவைவிட இரண்டு அளவு பெரிதாக வாங்குங்கள், தையல்காரரிடம் கொடுத்து இரு பக்கத்திலும் ஒரு சாண் ஓப்பன் வைக்கச் சொல்லுங்கள். நீளம் தொடை வரை வந்துவிடும். ஓப்பன் இருப்பதால் காலை வீசும்போது துணி இழுக்காது. அக்குளில் மட்டும் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே பிடித்தால் கை வீசும் ஒவ்வொரு முறையும் சட்டை மேலே ஏறும்.

வாங்கியதும் வெளியே போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். கண்ணாடி முன் நின்று மூன்று காரியம் செய்து பாருங்கள்: இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்குங்கள், ஒரு முட்டியை இடுப்பு உயரத்துக்கு உயர்த்துங்கள், குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுங்கள். மூன்றிலும் நீங்கள் மறைக்க நினைத்தது மறைந்தே இருந்தால் பாதிச் சோதனை முடிந்தது. மீதிப் பாதி குளியலறையில். சட்டையை அணிந்தபடியே ஒரு குவளைத் தண்ணீரைத் தோளில் ஊற்றிக்கொண்டு மறுபடியும் கண்ணாடியில் பாருங்கள். ஓட்டத்தின் இருபதாவது நிமிடத்தில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பது அப்படியே தெரியும். வெள்ளை, சந்தன நிறம், இளமஞ்சள் எல்லாம் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும். சாம்பல் நிறம் ஊடுருவித் தெரியாது என்றாலும், நனைந்த இடமும் நனையாத இடமும் வரைபடம்போலப் பிரிந்து தெரியும். கருநீலம், கரும்பச்சை, சிறு சிறு பூப்போட்ட அடர்நிறத் துணி ஆகியவை நன்றாகத் தேறுகின்றன. கறுப்பு வெயிலை இழுக்கும் என்பது உண்மை. சூரியன் எழும் முன் ஓடி முடிப்பவருக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை, மாலையில் ஓடுபவர்தான் தவிர்க்க வேண்டும். விடியலுக்கு முன் அடர்நிறத்தில் ரோட்டில் இறங்குகிறவர்கள் முதுகிலும் கணுக்காலிலும் ஒளியைத் திருப்பி அடிக்கும் பட்டை ஒன்றைத் தைத்துக்கொள்வது கட்டாயம். மார்த்தாண்டத்துக்குப் போகும் லாரி ஓட்டுநருக்கு உங்கள் கருநீலச் சட்டை தெரியாது.

உள்ளாடை பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. பல பெண்கள் ஓட்டத்தை விடுவதற்கு அதுவே முதல் காரணமாக இருக்கிறது. அன்றாடம் அணியும் பிரா ஓட்டத்துக்கு உதவாது. அசைவு, வலி, அதைவிட மேலாக யாரேனும் பார்க்கிறார்களோ என்ற நினைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து தோளைக் கூன வைக்கும். கூனி ஓடினால் மூச்சும் முட்டும். நல்ல ஸ்போர்ட்ஸ் பிரா ஒன்று வாங்குவதற்காக ஷூவில் சிறிது சிக்கனம் செய்தாலும் தவறில்லை என்பேன். கீழ்ப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. அணிந்துகொண்டு பத்து முறை குதித்துப் பார்த்தால் அசைவு மிகவும் குறைந்திருக்க வேண்டும். வெயிலில் போட்டால் இலாஸ்டிக் விரைவில் தளர்ந்துவிடும், நிழலில் உலர்த்துங்கள்.

காலுக்குத் தளர்ந்த டிராக் பேண்ட் போதும். ஆனால் உள்ளே முட்டிக்குச் சற்று மேல் வரை இறுக்கமான உள் ஷார்ட்ஸ் ஒன்று இருந்தால்தான் தொடைகள் ஒன்றோடொன்று உரசாது. தேங்காயெண்ணெய் நம் வீட்டில் எதற்கும் மருந்து என்றாலும் இதற்கு உதவவில்லை; சற்று நேரத்தில் வியர்வையோடு கரைந்து போய்விடுகிறது. வாசலின் தடவினால் ஓட்டம் முடியும் வரை நிற்கிறது. தொடை, அக்குள், பிரா பட்டையின் ஓரம் ஆகிய இடங்களில் தடவிக்கொள்ளுங்கள். இதே உபாயம் ஆண்களுக்கும் பொருந்தும். நெடுந்தூரம் ஓடும் ஆண்களுக்கு மார்புக்காம்பு உரசி இரத்தம் கசிவது உண்டு, அங்கே சிறிது பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டால் தீர்ந்தது.

ஷால், மக்கனா, பாவாடை

ஷாலைத் தொங்கவிட்டுக்கொண்டு ஓடக் கூடாது என்பதை நான் கற்றுக்கொண்ட விதம் அவ்வளவு கௌரவமானதன்று. முதல் ஆண்டு, இரண்டு நுனிகளையும் முதுகுக்குப் பின்னால் விட்டு, தோளில் ஊக்கு குத்திக்கொண்டு ஓடினேன். சானல் கரையில் ஒரு வளைவில் தாழைப் புதரின் முள் பின்நுனியைப் பிடித்துக்கொண்டது. கழுத்து பின்னால் இழுபட, நான் மண்ணில் உட்கார்ந்தேன். ஊக்கு திறந்து தோளில் ஒரு விரல்கடை நீளத்துக்குக் கீறிவிட்டது. அக்கரையில் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்த ஒரு முதியவள் இறங்கி வந்து முள்ளிலிருந்து ஷாலை விடுவித்துக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு, “ஏம் மக்ளே இப்பிடி ஓடுக? பொறவால பட்டி வல்லதும் வருதா?” என்று மெய்யான கவலையோடு கேட்டாள். பட்டி என்றால் எங்கள் பக்கத்தில் நாய். “இல்ல பாட்டி, சும்மா ஓடுதேன்” என்றேன். “சும்மாவா?” என்று அவள் கேட்ட தொனியை இன்னும் மறக்கவில்லை.

ஷால் இல்லாமல் முடியாது என்பவர்கள் அதை மார்பின் குறுக்கே கொண்டுவந்து, நுனிகள் இரண்டையும் இடுப்பின் பின்புறம் இறுக முடிந்துகொள்ளலாம், ஊக்கு வேண்டாம். அதைவிட நல்லது, கையில்லாத தளர்ந்த மெல்லிய கோட்டு ஒன்றை வலைத்துணியில் தைத்துச் சட்டையின் மேல் அணிவது. ஷால் தரும் மறைவை அது தருகிறது, கழுத்தைப் பிடிப்பதில்லை. மேலே துடைத்துக்கொள்ள ஒரு தோர்த்து இருக்கட்டும். டர்க்கி டவலைவிட அது எடை குறைவு, விரைவில் காயும்.

மக்கனா அணிபவர்கள் நீளமான துணியைச் சுற்றி ஊசி குத்துவதை விட்டு, தலைவழியாக மாட்டிக்கொள்ளும் ஒற்றைத் துண்டு வகைக்கு மாறுவது நல்லது. ஜெர்சித் துணியில் உள்ளூர்த் தையல்காரரே தைத்துத் தருவார். உள்ளே போடும் தொப்பியைக் கோடையில் தவிர்த்துவிடலாம். தாடையின் கீழே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும். எங்கள் தோழி ஒருவர் கிளம்பும் முன் மக்கனாவைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து அணிகிறார். காது, பிடரி இரண்டும் முதல் பத்து நிமிடம் குளிர்ந்திருக்கும் என்கிறார். நானும் தொப்பியை நனைத்துப் பார்த்தேன், உண்மைதான். தலையை மூடிக்கொண்டு வேகமாக ஓட முடியுமா என்று கேட்பவர்களுக்கு, பஹ்ரைனின் ருகையா அல் கஸாரா 2006 தோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஹிஜாப் அணிந்தே 200 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்றதைச் சொல்லலாம். 2000 சிட்னி ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கத்தை வென்ற ஆஸ்திரேலியாவின் கேத்தி ஃபிரீமன் தலை முதல் கணுக்கால் வரை மூடிய உடையில்தான் ஓடினார். அவர் அதை அணிந்தது மறைவுக்காக அன்று, வேகத்துக்காக. 2012 லண்டனில் சவூதி அரேபியாவின் சாரா அத்தார் தலையை மூடி, முழுக்கை உடையில் 800 மீட்டர் ஓடிக் கடைசியாக வந்தபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. கடைசியாக வருபவர்களில் ஒருத்தியாகிய எனக்கு மூவரில் அவரைத்தான் அதிகம் பிடிக்கும்.

பாவாடையில் ஓடுபவர்களுக்கு ஒரு விதிதான்: கணுக்காலுக்குக் குறைந்தது ஒரு சாண் மேலே விளிம்பு நிற்க வேண்டும், கீழ்ச்சுற்று அகலமாக இருக்க வேண்டும், உள்ளே முட்டி வரை ஷார்ட்ஸ் இருக்க வேண்டும். குறுகலான பாவாடையில் காலை எட்டிவைக்க முடியாது. சேலையில் ஓட வேண்டாம், வேகமாக நடங்கள். ஷூ அணிந்து சேலையில் நடக்கும் அம்மாமார்களை நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கப் பக்கம் காணலாம், அவர்களின் நடை என் ஓட்டத்துக்குச் சளைத்ததன்று. ஆண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே பருத்திப் பனியன் வேண்டாம், முட்டியைத் தொடும் ஷார்ட்ஸ் போதும். வெக்கை என்று சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு கோவில் நடை வழியாகவும் பள்ளிக்கூட வாசல் வழியாகவும் ஓடுவதை மட்டும் விட்டுவிடலாம். அடக்கம் பெண்களுக்கு மட்டும் தைத்த சட்டை அன்று.

நேரமும் இடமும்

ஏப்ரல், மே மாதங்களில் இங்கே சூரியன் 6 மணியை ஒட்டி எழுகிறது. 5.30-க்கு இறங்கி 6.15-க்குள் திரும்பிவிடுவதே சிறந்தது. மாலை 5 மணிக்கு வெயில் தணிந்ததுபோலத் தோன்றினாலும் தார் ரோடு பகல் முழுவதும் வாங்கிய சூட்டைத் திருப்பித் தந்துகொண்டிருக்கும். மாலைதான் வசதி என்றால் 6 மணிக்குப் பிறகு, மண்பாதையில் ஓடுங்கள். ரப்பர் விளைகளுக்கு, அதாவது தோட்டங்களுக்கு, இடையே செல்லும் ஊராட்சி ரோடுகளும், பத்மநாபபுரம் கோட்டைக்குள் உள்ள தெருக்களும் எங்களுக்குப் பிடித்தவை. தேரூர், சுசீந்திரம் குளக்கரைகள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் சேர்ந்தவை. அதிகாலையில் பறவைகளைப் பார்த்துக்கொண்டே ஓடினால் தூரம் தெரியாது.

கடற்கரையில் ஓட விரும்புபவர்கள் அலை நனைத்து இறுகிய மணலில் ஓட வேண்டும். ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் மணலின் சரிவு ஒரு பக்க இடுப்பை வலிக்க வைக்கும், ஆகவே போன வழியே திரும்புங்கள். கோடையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. காற்றே இல்லாத நாளிலும் எங்கோ தொலைவில் எழுந்த அலை திடீரென்று கரையேறும் கள்ளக்கடல், ஏப்ரல், மே மாதங்களில் நம் கரையில் வருகிறது. 2024 மே மாதத்தில் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி உயிரிழந்தார்கள். எச்சரிக்கை அறிவித்த நாளில் சொத்தவிளை, சங்குத்துறை, முட்டம் எதுவாக இருந்தாலும் மணலில் இறங்காதீர்கள்.

நாய்கள் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி, அவற்றின் கண்ணைப் பார்க்காமல் மெல்ல நடந்து கடந்துவிட வேண்டும். கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

தொடர்ந்து ஓடுவதற்கு

ஜனவரியில் ஒரு கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம் எடுத்தவர் ஏப்ரலில் ஒன்பதரை நிமிடம் எடுக்கிறார். மூன்று மாதம் ஓடியும் பின்னால் போய்விட்டோமே என்று மனம் உடைந்து நின்றுவிடுகிறார். இப்படி நின்றவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர் உண்டு. இதில் பின்னடைவு ஒன்றுமில்லை. வெக்கையில் உடல் இரத்தத்தில் ஒரு பகுதியைத் தோலுக்கு அனுப்பிக் குளிர்விக்க வேண்டியிருப்பதால், அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. ஆகவே கோடை மூன்று மாதமும் தூரத்தையும் வேகத்தையும் எழுதிவைக்காதீர்கள். எத்தனை நிமிடம் வெளியே இருந்தீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைத் தடையின்றிப் பேச முடிகிற வேகமே சரியான வேகம். உடல் வெப்பத்துக்குப் பழக ஏறத்தாழ 10 முதல் 14 நாள் ஆகும். அந்த இரு வாரமும் வழக்கமான நேரத்தில் பாதியே ஓடினால் போதும்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வாரத்தில் மூன்று நாள், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஏழு சுற்று செல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டுங்கள். நடையைக் குறைக்க அவசரப்பட வேண்டாம். அடுப்படிச் சுவரில் தொங்கும் காலண்டரில், ஓடிய நாளைப் பேனாவால் வட்டமிடுங்கள். கைப்பேசிச் செயலியைவிட அது பலனளிப்பதற்குக் காரணம், வீட்டில் எல்லோரும் அதைப் பார்க்கிறார்கள் என்பதுதான். என் மகன் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, “அம்மா, செவ்வாய்க்கிழமை வட்டம் இல்லயே” என்றான். ஒரு நாள் விட்டால் பரவாயில்லை, அடுத்த முறையையும் சேர்த்து விடக் கூடாது என்பது எங்கள் கூட்டத்தின் ஒரே சட்டம். மனமில்லாத நாளில் உடுத்திக்கொண்டு பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம். அதற்கும் வட்டம் உண்டு. மாதவிடாய் நாள்களில் அடர்நிறப் பேண்டும் பழகிய நாப்கினும் இருந்தால் ஓடுவதற்குத் தடையில்லை. ஓய்வெடுக்கத் தோன்றினால் எடுங்கள், அதைச் சட்டம் கணக்கில் கொள்வதில்லை.

உடுத்திக்கொள்வதுதான் கடினமான படி என்பதால் அதை இரவிலேயே முடித்துவைக்க வேண்டும். உள்ளாடை முதல் காலுறை வரை அணியும் வரிசையிலேயே நாற்காலியில் அடுக்கிவையுங்கள். சாவியை ஷூவுக்குள் போடுங்கள். காலை 5 மணிக்கு அலமாரியைத் திறந்து ‘இது ஒட்டுமோ, அது தெரியுமோ’ என்று யோசிக்க நேர்ந்தால், பத்தில் ஏழு நாள் திரும்பவும் கட்டிலுக்கே போய்விடுவோம்.

ஊராரின் பார்வைக்கும் ஒரு கணக்கு உண்டு. முதல் வாரம் உற்றுப் பார்ப்பார்கள். இரண்டாம் வாரம் சர்க்கரை நோயா என்று கேட்பார்கள். மூன்றாம் வாரம் உங்களை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்வார்கள். அதன் பிறகு நீங்கள் அவர்கள் கண்ணில் படமாட்டீர்கள். இந்த மூன்று வாரத்தைக் கடக்க, எதிரே வருபவருக்கு நாமே முந்திக்கொண்டு தலையசைப்பது மிகவும் உதவும். துணைக்கு ஒருவர் இருந்தால் இன்னும் எளிது. நம்மைவிடச் சற்று மெதுவாக ஓடுபவரைத் துணையாகக் கொள்வது கோடைக்கு ஏற்றது.

தண்ணீரும் எச்சரிக்கையும்

கிளம்புவதற்கு அரை மணி முன் ஒரு பெரிய குவளைத் தண்ணீரும் ஒரு மட்டிப்பழமும் போதும். 45 நிமிடத்துக்குள் முடியும் ஓட்டத்துக்குப் பாட்டில் சுமக்க வேண்டியதில்லை. திரும்பியதும் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர், மோர், நுங்கு எதுவும் நல்லதே. பருவத்தில் கிடைக்கும் அக்கானி, அதாவது பதநீர், மிகவும் இதமானது, ஆனால் சர்க்கரை நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். எவ்வளவு குடிப்பது என்று தெரியாதவர்கள் ஒருநாள் ஓடும் முன்பும் பின்பும் எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் என்று அறியலாம். நோன்பு மாதத்தில் ஓடுபவர்கள் நோன்பு திறந்து சிறிது நேரம் கழித்து, இரவில் மெதுவாக ஓடுவது பாதுகாப்பானது. இரத்த அழுத்தம், சிறுநீரகம், இதயம் ஆகியவற்றுக்கு மருந்து உண்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கோடையில் தொடங்க வேண்டாம்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் மயிர்க்கூச்செறிதல், தசைப்பிடிப்பு ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் ஓட்டத்தை நிறுத்தி நிழலுக்குப் போய்விட வேண்டும். ஷால், மக்கனா, கோட்டு எதுவானாலும் தளர்த்த வேண்டும். கூட ஓடுபவர் பேச்சுக் குழறினாலோ, இருக்குமிடம் தெரியாமல் தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும் வரை காத்திருக்காமல் உடல் முழுவதும் தண்ணீரை ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். அந்த நேரத்தில் மறைவுக்குப் பெண்கள் சுற்றி நின்றுகொள்ளலாம். துணி நனைந்து தெரிகிறதே என்று தயங்கி ஊற்றாமல் இருந்துவிடக் கூடாது.

வீடு திரும்பியதும் உடைகளைக் கூடையில் போடாமல் உடனே அலசிவிடுங்கள். பாலியெஸ்டரில் வியர்வை ஊறினால் பிறகு எந்தச் சோப்புக்கும் நாற்றம் போகாது. நம் ஊரின் ஈரக்காற்றில் ஒரே நாளில் காயும் என்று நம்ப முடியாது, இரண்டு செட் வைத்துக்கொள்வதே நல்லது. ஜூன் பிறந்து மழை தொடங்கி, அணையைத் திறந்து சானலில் தண்ணீர் விட்டபிறகு கரைமண் வழுக்கும். அப்போது ரப்பர் விளை ரோட்டுக்கு மாறிக்கொண்டு, நனைந்த ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள்.